ஒரே வண்டிக்கு ஏன் மூன்று விலை?



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளை, தம் தாய் தந்தையரை அழைத்துக்கொண்டு பட்டணத்திலுள்ள கார் கடைக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். பிள்ளைக்குத் தொழிற்சாலையில் வேலை. அப்பா இன்னும் செம்பனைக் காட்டில்தான் குலை வெட்டுகிறார். அம்மா வீட்டுச் செலவை நடத்துகிறவர். பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் கார் ஒன்றை வாங்குவது என்று குடும்பத்தில் முடிவாகிவிட்டது. கடைக்காரர் மரியாதையாக உட்கார வைத்து, ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைக்கிறார். அதில் ஒரே காருக்கு மூன்று விலை எழுதியிருக்கிறது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் பத்தாயிரம் வெள்ளி வேறுபாடு.

பிள்ளையின் கண் மேல் விலையில் நிற்கிறது. அப்பாவின் கண் கீழ் விலையில் நிற்கிறது. அம்மா மட்டும் கடைக்காரரைப் பார்த்துக் கேட்கிறார்: "ஒரே வண்டிதானே தம்பி, அப்புறம் ஏன் மூணு விலை?"

நேயர்களே, அந்தத் தாயின் கேள்வி மிக நல்ல கேள்வி. அதற்குரிய விடை கடைக்காரரின் தாளில் இல்லை. அது ஏறக்குறைய நூறு ஆண்டு வரலாற்றில் இருக்கிறது. அந்த வரலாற்றைத்தான் இன்று நாம் காணப் போகிறோம்.

கார் கதைக்கும் நமக்கும் தூரத்து உறவு என்று நினைத்துவிட வேண்டாம். அது நெருங்கிய உறவு. 1876ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகள் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. அடுத்த ஆண்டு அவற்றிலிருந்து முளைத்த கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. ஆனால் அந்த மரத்தை உடனே யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1896ஆம் ஆண்டில்தான் டான் சே யான் என்னும் சீனப் பெருமகன் மலாக்காவில் ரப்பரை வாணிபப் பயிராக நட்டார். பிறகு மேலைநாடுகளில் கார்கள் பெருகின. காருக்கு டயர் வேண்டும், டயருக்கு ரப்பர் வேண்டும். 1910ஆம் ஆண்டில் ரப்பர் விலை விண்ணைத் தொட்டது. காடுகள் அழிந்தன, தோட்டங்கள் எழுந்தன. நம் முன்னோர் கப்பலேறி வந்து, விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பால் வெட்டினர். அவர்கள் வெட்டிய பால் டெட்ராய்ட் நகரத்துக் கார்களின் டயராக உருண்டது. அந்தக் கார்களில் ஒன்றிலேனும் ஏறி உட்காரும் பேறு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் கார் கடைக்குள் தலை நிமிர்ந்து நுழைகிறார்கள். அந்த நுழைவு அறிவோடு நடக்க வேண்டும் என்பதே நம் விருப்பம்.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். 1908ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஹென்றி ஃபோர்டு 'மாடல் டி' என்னும் காரை விற்பனைக்குக் கொண்டு வந்தார். தொடக்கத்தில் அதன் விலை 850 டாலர். 1913ஆம் ஆண்டில், வேலையாள் நின்ற இடத்திலேயே நிற்க, வண்டி அவரிடம் நகர்ந்து வரும் உற்பத்தி முறையை அவர் ஏற்படுத்தினார். அதனால் உற்பத்திச் செலவு குறைந்தது, விலையும் படிப்படியாக இறங்கியது. 1925ஆம் ஆண்டில் அந்தக் காரின் மிக மலிவான உருவம் 260 டாலருக்குக் கிடைத்தது. 1914 முதல் 1925 வரை அது கறுப்பு நிறத்தில் மட்டுமே வந்தது. விலை மலிவும் உறுதியும் உள்ள கறுப்புச் சாயம் ஒன்றே போதும் என்று ஃபோர்டு கருதினார். அவருடைய கொள்கை எளியது: எல்லாருக்கும் ஒரே வண்டி, அதை எவ்வளவு மலிவாக முடியுமோ அவ்வளவு மலிவாகச் செய்வது. 1927ஆம் ஆண்டில் அதை நிறுத்தும்போது, ஒரு கோடியே ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டிருந்தன.

அப்படி வெற்றி பெற்ற வண்டியை ஏன் நிறுத்தினார்? இந்த இடத்தில்தான் மூன்று விலையின் கதை தொடங்குகிறது.

ஃபோர்டுக்குப் போட்டியாக இருந்தது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம். 1923ஆம் ஆண்டில் ஆல்ஃபிரட் ஸ்லோன் என்பவர் அதன் தலைவரானார். மலிவில் ஃபோர்டை வெல்ல முடியாது என்று அவர் உணர்ந்தார். ஆகவே வேறு வழி கண்டார். ஒவ்வொருவர் பணப்பைக்கும் ஏற்றபடி ஒரு கார் என்பது அவர் கொள்கை. அடியில் செவ்ரோலே, உச்சியில் காடிலாக், நடுவில் ஓல்ட்ஸ்மொபீல், பியூக் முதலியவை என ஏணிப் படிகளைப் போல் கார்களை வரிசைப்படுத்தினார். இன்று செவ்ரோலே வாங்கியவர், நாளை சம்பளம் உயர்ந்ததும் அடுத்த படிக்கு ஏற ஆசைப்பட வேண்டும். அந்த ஆசைதான் அவருடைய வாணிபத்தின் முதல்.

ஆசையை வளர்க்க இரண்டு துணைகள் அவருக்குக் கிடைத்தன. ஒன்று வண்ணம். 'டூக்கோ' என்னும் விரைவில் உலரும் வண்ணச் சாயம் அந்தக் காலத்தில் வந்தது. 1924ஆம் ஆண்டு மாதிரியாக வந்த ஓக்லண்ட் கார் நீல நிறத்தில் மின்னியது. கறுப்பைப் பார்த்துச் சலித்த கண்களுக்கு அது விருந்தாயிற்று. 1927ஆம் ஆண்டில் காரின் தோற்றத்தையும் வண்ணத்தையும் கவனிப்பதற்கென்றே ஹார்லி எர்ல் என்னும் கலைஞரின் தலைமையில் தனிப் பிரிவு ஒன்றை அந்த நிறுவனம் ஏற்படுத்தியது.

இரண்டாவது துணை, தவணைக் கடன். 1919ஆம் ஆண்டிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் கார் வாங்குவோருக்குக் கடன் கொடுக்க ஒரு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தது. ஃபோர்டுக்குக் கடன் என்றாலே பிடிக்காது. 1923ஆம் ஆண்டில் அவர் வேறொரு திட்டம் கொண்டு வந்தார். வாரத்துக்கு 5 டாலர் கட்டி வர வேண்டும். முழுப் பணமும் சேர்ந்த பிறகுதான் வண்டி கைக்கு வரும். நம் பெண்கள் சீட்டுப் பிடித்துப் பணம் சேர்ப்பதைப் போன்றது அது. ஆனால் மக்கள் காத்திருக்க விரும்பவில்லை. முதலில் வண்டி, பிறகு பணம் என்ற வழியே வென்றது. 1928ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனமும் கடன் கொடுக்கத் தொடங்கியது.

இந்த இடத்தை நாம் நன்றாக மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ரொக்கம் கொடுத்து வாங்குகிறவருக்கு நூறு டாலர் வேறுபாடு நூறு டாலராகவே தெரியும். தவணையில் வாங்குகிறவருக்கோ, அதே நூறு டாலர் மாதத்துக்குச் சில காசுகளாகச் சுருங்கித் தெரியும். படிகள் கொண்ட விலையும் தவணைக் கடனும் உடன்பிறப்புகள். ஒன்று ஆசையை எழுப்பும், மற்றொன்று அதைச் சிறியதாகக் காட்டும்.

பிறகு அந்த ஏணி ஒவ்வொரு காருக்குள்ளும் நுழைந்தது. 1953ஆம் ஆண்டில் செவ்ரோலே காரை எடுத்துக்கொள்வோம். அதில் மூன்று வகைகள்: அடிப்படை வகைக்கு 150 என்று பெயர், நடு வகைக்கு 210, உயர் வகைக்கு பெல் ஏர். முதல் இரண்டுக்கும் வெறும் எண். மேல் வகைக்கு மட்டும் பணக்காரர் குடியிருக்கும் பகுதியின் அழகிய பெயர். வண்டியின் அடிச்சட்டம் மூன்றுக்கும் ஒன்றே. ஆனால் 150 வகையில் தரைக்கு ரப்பர் விரிப்பு. பெல் ஏர் வகையில் கம்பளம். 150 வகையில் பளபளக்கும் குரோமியப் பட்டைகள் குறைவு. பெல் ஏர் வகையில் அவை தாராளம்.

அந்தப் பெல் ஏர் பெயருக்குப் பின்னாளில் என்ன ஆயிற்று தெரியுமா? 1958ஆம் ஆண்டில் அதற்கு மேலே இம்பாலா வந்தது. 1965ஆம் ஆண்டில் இம்பாலாவுக்கும் மேலே கப்ரீஸ் வந்தது. பெல் ஏர் படிப்படியாகக் கீழே தள்ளப்பட்டது. 1973ஆம் ஆண்டுக்குள், 20 ஆண்டுகளுக்கு முன் உச்சியில் இருந்த அதே பெயர், அமெரிக்காவில் அந்தக் கார் வரிசையின் அடிப்படை வகைக்கு வந்து சேர்ந்தது. 1975ஆம் ஆண்டோடு அது அங்கே மறைந்தது. பெருமைக்காக வாங்கிய பெயர் எத்தனை நாள் பெருமை தரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இங்கிலாந்திலும் இதே கதைதான். 1970ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் தலைமுறை ஃபோர்டு கோர்ட்டினா காரில் எல், எக்ஸ்எல், ஜிடி, ஜிஎக்ஸ்எல் என எழுத்துகள் அடுக்கடுக்காக நின்றன. பின்னர் கியா என்பது உச்ச வகையின் பெயராயிற்று. கியா என்பது இத்தாலியில் கார்க்கூடு செய்து புகழ் பெற்ற ஒரு பட்டறையின் பெயர். ஃபோர்டு அந்தப் பட்டறையை வாங்கிக்கொண்டது. அதன் பெயர் சாதாரணக் காரின் முதுகில் ஒட்டும் சின்னமாகிவிட்டது. வண்டியின் பின்னால் இருக்கும் எழுத்தைப் பார்த்தே, அதை ஓட்டுகிறவர் அலுவலகத்தில் எந்தப் பதவியில் இருக்கிறார் என்று மக்கள் கணக்கிட்டார்கள்.

இதுவரை நாம் கண்டது அலங்காரத்தின் கதை. மாட்டுக் கொம்புக்குச் சாயம் பூசலாம், கழுத்துக்குச் சலங்கை கட்டலாம். அதனால் வண்டி ஒரு மூட்டை அதிகமாக இழுக்காது. அலங்காரம் தவறு என்று நாம் சொல்லவில்லை. திருவிழாவுக்கு அலங்காரம் வேண்டும். ஆனால் இழுப்பது மாடு என்பதை மறக்கக் கூடாது.

ஆயினும், மேல் வகையில் இருப்பதெல்லாம் அலங்காரம் என்று ஒரே அடியாகத் தள்ளிவிடவும் கூடாது. சில வேளைகளில் உயிரைக் காக்கும் பொருளையும் அலங்காரத்தோடு சேர்த்துக் கட்டி மேல் வகையில் வைத்துவிடுகிறார்கள். இதற்கும் வரலாறு உண்டு. 1956ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனம் இருக்கைப் பட்டையைத் தனி விலைக்கு விற்றது. விரும்பியவர் மட்டும் கூடுதல் பணம் கொடுத்து வாங்கலாம். 1959ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வால்வோ நிறுவனம், தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டையைத் தன் கார்களில் பொருத்தத் தொடங்கியது. 1968ஆம் ஆண்டில்தான் அமெரிக்கச் சட்டம் புதுக் கார்களில் இருக்கைப் பட்டையைக் கட்டாயமாக்கியது. ஏர்பேக் என்னும் காற்றுப்பையும் அப்படியே. 1970களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் விலையுயர்ந்த சில கார்களில் அதைக் கூடுதல் விலைக்கு விற்றது. ஏறக்குறைய 10,000 பேர்தான் வாங்கினர்.

அது பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2014ஆம் ஆண்டு ஜனவரியில், இந்தியாவில் விற்கப்பட்ட சில சிறு கார்களை உலகளாவிய கார் மோதல் சோதனை அமைப்பு ஒன்று மோதிப் பார்த்து, முடிவுகளை வெளியிட்டது. வோல்க்ஸ்வாகன் போலோவின் காற்றுப்பை இல்லாத வகை, பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. இத்தனைக்கும் அதன் கூடு மோதலில் உறுதியாகவே நின்றது. இரண்டு காற்றுப்பைகள் கொண்ட அதே போலோ நான்கு நட்சத்திரம் பெற்றது. ஒரே கார், ஒரே பெயர், ஒரே தோற்றம்; ஒன்றுக்குப் பூஜ்யம், மற்றொன்றுக்கு நான்கு. அந்த நிறுவனம் காற்றுப்பை இல்லாத வகையைப் பிறகு விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது.

நம் பகுதிக்கும் அத்தகைய அமைப்பு உண்டு. ஆசியான் நாடுகளுக்கான கார் மோதல் சோதனையின் முதல் முடிவுகள் 2013ஆம் ஆண்டில் வெளிவந்தன. முதல் ரப்பர்த் தோட்டம் எழுந்த அதே மலாக்காவில்தான் மலேசியாவின் மோதல் சோதனைக் கூடமும் இருக்கிறது. எனவே நட்சத்திரம் எத்தனை என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. அந்த நட்சத்திரம் எந்த வகைக்குக் கிடைத்தது, நாம் வாங்கப் போகும் வகைக்கும் அது பொருந்துமா என்றும் கேட்க வேண்டும்.

இப்போது ஹைப்ரிட் காருக்கு வருவோம். இது எப்படி ஓடுகிறது? சைக்கிள் விளக்குக்கு டைனமோ வைத்து ஓட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்ததும் மிதிப்பது கனக்கும், விளக்கு எரியும். அதாவது, சக்கரத்தின் ஓட்டம் மின்சாரமாக மாறுகிறது. ஹைப்ரிட் காரில் பிரேக்கை மிதிக்கும்போது இதுதான் நடக்கிறது. சாதாரணக் காரில் வெறும் சூடாக வீணாகிப் போகும் அந்த ஓட்டம், இதில் மின்சாரமாகி பேட்டரியில் சேர்கிறது. வண்டி மறுபடி கிளம்பும்போது அந்த மின்சாரம் மோட்டாரைச் சுழற்றி எஞ்சினுக்குத் துணை செய்கிறது. அதனால்தான் அடிக்கடி நின்று நின்று போகும் பட்டணத்துச் சாலையில் ஹைப்ரிட் பெட்ரோலை மிச்சப்படுத்துகிறது.

பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்ட முதல் ஹைப்ரிட் கார் டொயோட்டா பிரியஸ். அது 1997ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. விலை 21 இலட்சத்து 50 ஆயிரம் யென். புதுமையே அதன் பெருமையாக இருந்தது.

ஆனால் 2009ஆம் ஆண்டில் போட்டி வந்தது. பிப்ரவரியில் ஹோண்டா நிறுவனம் இன்சைட் என்னும் ஹைப்ரிட் காரை 18 இலட்சத்து 90 ஆயிரம் யென் தொடக்க விலையில் இறக்கியது. மே மாதத்தில் டொயோட்டா தன் மூன்றாம் தலைமுறை பிரியஸை வெளியிட்டது. அதில் எல், எஸ், ஜி எனப் பல வகைகள். எல் வகையின் விலை 20 இலட்சத்து 50 ஆயிரம் யென். தோல் இருக்கை முதலியவை கொண்ட உச்ச வகையின் விலை 32 இலட்சத்து 70 ஆயிரம் யென். இரண்டுக்கும் இடையே 12 இலட்சத்துக்கு மேல் வேறுபாடு. எஞ்சினோ எல்லாவற்றுக்கும் அதே 1.8 லிட்டர் எஞ்சின்தான்.

இனிச் சொல்லப் போவதை நேயர்கள் கூர்ந்து கேட்க வேண்டும். ஜப்பானிய அரசின் அன்றைய சோதனை முறைப்படி, விலை உயர்ந்த வகைகள் லிட்டருக்கு 35.5 கிலோமீட்டர் ஓடின. எல்லாவற்றிலும் விலை குறைந்த எல் வகை லிட்டருக்கு 38 கிலோமீட்டர் ஓடியது. காரணம் என்ன? எல் வகையின் எடை 1,310 கிலோ. அதற்கு அடுத்த எஸ் வகையின் எடை 1,350 கிலோ. பாரம் குறைந்தால் பெட்ரோல் குறையும். ஹைப்ரிட் வாங்குவதே பெட்ரோலை மிச்சப்படுத்தத்தான். அந்த வேலையை எல்லாரையும்விட நன்றாகச் செய்தது, அலங்காரம் குறைந்த வகையே.

இது ஒரு முறை நடந்த அதிசயம் அல்ல. 2023ஆம் ஆண்டு மாதிரியாக அமெரிக்காவில் விற்கப்பட்ட பிரியஸைப் பாருங்கள். முன்சக்கரம் இழுக்கும் வண்டிகளில், எல்இ என்னும் அடிப்படை வகைக்கு 17 அங்குலச் சக்கரம். மேல் வகைகளுக்கு 19 அங்குலச் சக்கரம். எஞ்சின் ஒன்றே. அரசின் கணக்குப்படி அடிப்படை வகை ஒரு கேலனுக்கு 57 மைல் ஓடியது. மேல் வகைகள் 52 மைல்தான் ஓடின. நம் கணக்கில் சொன்னால், லிட்டருக்கு ஏறக்குறைய 24 கிலோமீட்டரும் 22 கிலோமீட்டரும். பெரிய சக்கரம் பார்வைக்கு அழகு. பெட்ரோலுக்கு அது பகை. பெரிய டயர் தேய்ந்தால் மாற்றுவதற்கு ஆகும் செலவும் பொதுவாகக் கூடுதல்.

மலேசியாவில் ஹைப்ரிட் பரவியதற்கு அரசின் வரிவிலக்கு பெரும் காரணம். 2011ஆம் ஆண்டு ஜனவரியில் ஹோண்டா இன்சைட் 98,000 வெள்ளிக்கு வந்தது. 2012ஆம் ஆண்டில் டொயோட்டா பிரியஸ் சி 97,000 வெள்ளிக்கு வந்தது. வெளிநாட்டிலிருந்து முழு வண்டியாக இறக்குமதியான ஹைப்ரிட்களுக்கு அளித்த அந்த வரிவிலக்கு 2013ஆம் ஆண்டு இறுதியோடு முடிந்தது. பிறகு உள்நாட்டில் பொருத்தப்படும் ஹைப்ரிட்கள் சந்தையைப் பிடித்தன.

இதில் வேறு ஒரு நுட்பமும் உண்டு. சில கார்களில் எல்லா வகையும் ஹைப்ரிட்டாக இருப்பதில்லை. 2020ஆம் ஆண்டில் மலேசியாவில் அறிமுகமான புதிய ஹோண்டா சிட்டியில், ஹைப்ரிட் எஞ்சின் ஆர்எஸ் என்னும் உச்ச வகைக்கு மட்டுமே கொடுக்கப்பட்டது. அப்போது ஹைப்ரிட் வேண்டும் என்றால் அலங்காரத்தையும் சேர்த்தே வாங்க வேண்டியிருந்தது. இத்தகைய நிலையில் நாம் கணக்குப் பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது.

அந்தக் கணக்கை இப்போது போட்டுப் பார்ப்போம். மேல் வகைக்குப் பத்தாயிரம் வெள்ளி கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கடனாகவே வாங்குகிறோம். ஆண்டுக்கு 3 விழுக்காடு நிலையான வட்டி, 9 ஆண்டுத் தவணை. வட்டி மட்டும் 2,700 வெள்ளி. ஆக மொத்தம் 12,700 வெள்ளி. இதை 108 மாதங்களுக்குப் பங்கிட்டால், மாதத்துக்கு ஏறக்குறைய 118 வெள்ளி.

இனி பெட்ரோல் மிச்சத்தைப் பார்ப்போம். மாதத்துக்கு 1,000 கிலோமீட்டர் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். சாதாரணக் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடினால் 67 லிட்டர் வேண்டும். ஹைப்ரிட் லிட்டருக்கு 25 கிலோமீட்டர் ஓடினால் 40 லிட்டர் போதும். மிச்சம் 27 லிட்டர். லிட்டர் 2 வெள்ளி என்று கணக்கிட்டால், மாதத்துக்கு 54 வெள்ளி. ஆக, 54 வெள்ளி மிச்சப்படுத்த 118 வெள்ளி கட்டுகிறோம். அதிக தூரம் ஓட்டுகிறவருக்கு, அல்லது பெட்ரோல் விலை ஏறினால், இந்தக் கணக்கு மாறும். மாதம் 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவருக்கு இரண்டும் ஏறக்குறைய சமமாகிவிடும். எனவே அவரவர் ஓட்டும் தூரத்தை வைத்து அவரவர் கணக்குப் போட வேண்டும். அடுத்த வீட்டுக்காரரின் கணக்கு நமக்கு உதவாது.

118 வெள்ளி பெரிய தொகையா என்று இளைஞர்கள் கேட்கலாம். நம் தோட்டப்புறக் குடும்பங்களில் மாதத்துக்கு 118 வெள்ளி என்பது ஒரு பிள்ளையின் டியூஷன் பணமாக இருக்கலாம். வயதான பாட்டியின் மருந்துச் செலவாக இருக்கலாம். மேலும், பிள்ளையின் கடனுக்கு அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பார். வேலை போய்த் தவணை தவறினால், வண்டியும் போகும். சுமை மட்டும் அப்பாவின் தோளில் தங்கும். வாசலில் நின்ற புதுக் காரை ஆட்கள் வந்து இழுத்துச் செல்ல, அண்டை அயலார் பார்த்து நிற்க, பெற்றோர் தலை குனிந்த காட்சியை நாம் கண்டிருக்கிறோம். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று பெரியவர்கள் சொன்னது சும்மா அல்ல.

அப்படியானால் எந்த வகையை வாங்குவது? வரலாறு நமக்கு ஒரு நேர் வழியைக் காட்டுகிறது. கடைக்காரர் தரும் தாளை வீட்டுக்குக் கொண்டு வந்து, மேல் வகையில் கூடுதலாக உள்ள பொருள்களை மூன்று கூறாகப் பிரிக்க வேண்டும்.

முதல் கூறு, உயிரைக் காப்பவை: காற்றுப்பைகள், வழுக்காமல் தடுக்கும் பிரேக் அமைப்பு, வண்டி நிலை தடுமாறாமல் பிடிக்கும் அமைப்பு, மோதலுக்கு முன் தானே பிரேக் போடும் கருவி போன்றவை. இரண்டாம் கூறு, வண்டியை ஓட்டுபவை: எஞ்சின், மோட்டார், பேட்டரி. மூன்றாம் கூறு, கண்ணுக்கும் சுகத்துக்கும் உரியவை: தோல் இருக்கை, பெரிய சக்கரம், பெரிய திரை, கூரைக் கண்ணாடி, பின்னால் ஒட்டிய எழுத்துகள்.

முதல் கூறில் வேறுபாடு இருந்தால் மேல் வகைக்குப் போகத் தயங்க வேண்டாம்; முடியாவிட்டால், பாதுகாப்பு நிறைந்த வேறொரு காரைத் தேட வேண்டும். இரண்டாம் கூறில் வேறுபாடு இருந்தால் நாம் மேலே போட்ட கணக்கைப் போட வேண்டும். மூன்றாம் கூறில் மட்டுமே வேறுபாடு என்றால் அடிப்படை வகையே போதும். அதை வாங்குவதில் வெட்கம் ஏதும் இல்லை. பேட்டரிக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், எந்த நிபந்தனையில் அது செல்லாமல் போகும் என்பதை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்ச்சொல் போதாது.

இனி அந்தக் கார் கடைக்குத் திரும்புவோம். அம்மா கேட்ட கேள்விக்கு இப்போது நம்மிடம் விடை இருக்கிறது. ஒரே வண்டிக்கு மூன்று விலை வந்தது, வண்டி மூன்று விதமாக ஓடுவதற்காக அல்ல. மனிதரின் ஆசை மூன்று படியாக ஏறுவதற்காக. நூறு ஆண்டுகளுக்கு முன் டெட்ராய்ட் நகரத்தில் கட்டிய அந்த ஏணி இன்றும் நம் முன்னே நிற்கிறது. எந்தப் படியில் நிற்பது என்பதைக் கடைக்காரர் முடிவு செய்யக் கூடாது. நாமே முடிவு செய்ய வேண்டும்.

பிள்ளை தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நாளைக்கு வர்றோம் அண்ணே" என்று சொல்லி எழுந்தால் போதும். கார் கடை நாளைக்கும் திறந்திருக்கும். அன்று இரவு மூவரும் சோறு உண்ட பிறகு விளக்கடியில் உட்கார்ந்து, ஒரு பென்சிலால் அந்தத் தாளில் மூன்று கூறு பிரித்துக் கோடு போடட்டும். பால் வெட்டிய கைகளின் வழி வந்த பணம் அது. ஒவ்வொரு வெள்ளியும் எதற்குப் போகிறது என்று தெரிந்து போகட்டும்.